நாற்காலியே... கொஞ்சம் விடேன்!

தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் கிளாஸ் போன அண்ணனோ சித்தப்பாவோ உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். வாசலிலேயே போர்டு தொங்கும்: 'செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்'. கிட்டத்தட்ட கர்ப்பக்கிரகம்! உள்ளே ஜில்லென்று ஏ.ஸி. மானிட்டருக்கு ஓர் உறை, ஸி.பி.யு.வுக்கு ஓர் உறை, கீபோர்டுக்குத் தனியாக ஒரு கோவணம். யாராவது தும்மினால் போச்சு. "ஏம்ப்பா, தூசு பட்டா மிஷின் போயிடும்ல?" என்று வாத்தியார் முறைப்பார்.

சரி, அத்தனை மரியாதை வாங்கிய கம்ப்யூட்டருக்கு முன்னால் மாணவன் உட்கார என்ன போட்டிருப்பார்கள்? ஏதோ கல்யாண மண்டபத்தில் கழித்துக் கட்டிய இரும்பு மடக்கு நாற்காலி. நாலு காலில் ஒரு கால் குட்டை. ஆடாமல் உட்கார்ந்தால் பாஸ்!

மிஷினுக்கு உறை போட்டோம், மனுஷனை மறந்துவிட்டோம். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. இன்றைக்கு உங்கள் ஆபீஸையே பாருங்கள். பிரிண்டர் முனகினால் உடனே ஆள் வருகிறான். ஏ.ஸி.க்கு வருஷாந்திர கான்ட்ராக்ட் இருக்கிறது. யு.பி.எஸ். 'கீங்' என்றால் நாலு பேர் ஓடுகிறார்கள். உங்கள் முதுகு 'கீங்' என்றால்? ஒரு தைலம், அதுவும் பக்கத்து ஸீட்டில் கடன் வாங்கியது!

செருப்பு சொன்ன சேதி

எங்கள் செக்‌ஷனில் ஒரு நண்பர். வயசு முப்பத்திரண்டு. வேலையில் புலி. காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் மதியச் சாப்பாடுகூட ஸீட்டிலேயேதான். இடது கையில் சாம்பார் சாதம், வலது கையில் மௌஸ் என்று கிண்டல் செய்வோம். (உண்மையில் அது தலைகீழ். மௌஸ்தான் இடது கை.) 'ஆளை உட்கார வைத்து ஃபெவிகால் போட்டுட்டாங்கப்பா' என்று மானேஜரே பெருமையாகச் சொல்வார்.

ஒரு சனிக்கிழமை. தண்ணீர் கேன் காலி. "யாராவது சின்னப் பையன் எழுந்து தூக்கி வையுங்கப்பா" என்று ஒரு சீனியர் குரல் கொடுத்தார். நாலு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்த நம் நண்பர் விறுட்டென்று எழுந்தார். இடுப்பை வளைத்துக் குனிந்தார். இருபது லிட்டர் கேன், அதாவது இருபது கிலோ. அப்படியே தூக்கி, உடம்பைத் திருப்பி, ஸ்டாண்டில் கவிழ்த்தார். இடுப்பில் 'களுக்'கென்று ஒரு சத்தம் கேட்ட மாதிரி இருந்ததாம்.

"வாயுப் பிடிப்பு" என்றார் ஒருத்தர். "சூட்டுப் பிடிப்பு" என்றார் இன்னொருத்தர். நண்பருக்கு அப்போது கல்யாணமாகி ஆறு மாசம்தான். "வீட்ல மாவாட்டச் சொல்றாங்களா மாப்ளே?" என்று கேட்டது அடியேன். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

மூணு வாரம் போனது. வலி இடுப்பிலிருந்து இறங்கிப் பின்தொடை, கெண்டைக்கால் என்று பயணம் செய்தது. இவரும் விடாமல் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். ஒரு நாள் சாயந்திரம் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தோம். பின்னால் வந்த டீக்கார அண்ணன் கூப்பிட்டார். "ஸார், உங்க செருப்பு!"

பார்த்தால், நண்பரின் இடது கால் செருப்பு நாலு படிக்கு மேலேயே கிடக்கிறது. வெறுங்காலோடு இறங்கி வந்திருக்கிறார். அது அவருக்கே தெரியவில்லை!

அதற்கும் சிரித்தோம். எனக்கு இன்றைக்கும் உறுத்துவது அந்தச் சிரிப்புதான்.

மறுநாள் எலும்பு டாக்டரிடம் போனபோது அவர் முதலில் கேட்டதே, "செருப்பு நழுவுதா?" என்றுதான். முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் வட்டு பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. பாதத்தை மேலே தூக்கும் தசைக்கு உத்தரவு போய்ச் சேரவில்லை. தோலுக்கும் உணர்ச்சி குறைந்துவிட்டது. "இன்னும் தள்ளிப் போட்டிருந்தா, பாதம் தொங்கினது தொங்கினபடியே நின்னிருக்கும் தம்பி" என்றாராம். ஆபரேஷன். மூன்று மாதம் லீவு. ஆறு மாதக் கல்யாணப் பெண், ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்கள் யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை.

நாற்காலி மட்டும்தான் குற்றவாளி என்று சொல்ல மாட்டேன். தினம் குண்டும் குழியுமான ரோட்டில் பைக், கொஞ்சம் தொப்பை, பரம்பரை, கடைசியில் அந்தக் கேன்... எல்லாருமே கூட்டாளிகள். ஆனால், கூட்டத்துக்கு இடம் கொடுத்தது நாற்காலிதான்.

ஒன்றை நினைவில் வையுங்கள். சாதாரண முதுகு வலிக்குப் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் சில வாரங்களில் தானே போய்விடும். அதற்காகப் போர்த்திப் படுத்துக் கிடப்பதும் தப்பு. மெல்ல நடமாடுவதுதான் மருந்து. ஆனால், வலி முழங்காலுக்குக் கீழே இறங்கி, கால் மரத்துப் போனாலோ, பலம் குறைந்தாலோ டாக்டரைப் பாருங்கள். உட்காரும் இடமும் தொடை நடுவும் மரத்துப் போனாலோ, சிறுநீர் போவதில் சிரமம் வந்தாலோ அன்றைக்கே, அந்த மணியே ஆஸ்பத்திரி. தைலம், வாயு, மாமா சொன்ன கஷாயம் எல்லாம் அப்புறம்.

கண்டக்டர் கெட்டிக்காரரா, டிரைவரா?

உட்காருவது அவ்வளவு பெரிய பாவமா ஸார் என்று கேட்கிறீர்களா? லண்டன் வரை போய் வருவோம், வாருங்கள். டிக்கெட் எடுத்துவிடுங்கள், பஸ்ஸில்தான் போகப் போகிறோம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம். லண்டனில் மாரடைப்பு ஏறிக்கொண்டே போனது. காரணம் தெரியாமல் டாக்டர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டர் அங்கே ஓடிய இரட்டை மாடி பஸ்களைப் பார்த்தார். ஒரே பஸ், ஒரே புகை, ஒரே ரோடு. டிரைவர் ஷிஃப்ட் முழுக்கக் கிட்டத்தட்ட உட்கார்ந்தே இருக்கிறார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க ஒரு நாளைக்கு ஐந்நூறு, அறுநூறு படி ஏறி இறங்குகிறார். ஆயிரக்கணக்கான ஊழியர்களின் கணக்கை எடுத்துப் பார்த்து 1953-ல் 'லான்ஸெட்' மருத்துவ இதழில் வெளியிட்டார். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் டிரைவர்களைவிடத் தாமதமாக வந்தது. உயிரைக் குடிப்பதும் குறைவு.

'டிரைவர்கள் முதலிலிருந்தே குண்டாக இருந்திருக்கலாமே?' என்று நீங்கள் மடக்கலாம். மாரிஸுக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. என்ன செய்தார் தெரியுமா? யூனிஃபார்ம் கணக்கை வாங்கி, யாருக்கு எத்தனை இஞ்ச் பேண்ட் தைத்தார்கள் என்று பார்த்தார்! டிரைவர்களின் இடுப்பு நிஜமாகவே பெருசுதான். ஆனாலும் இடுப்பு அளவு மட்டுமே முழுக் காரணமில்லை என்று தெரிந்தது. அடுத்து தபால் இலாகா. தெருத் தெருவாக நடந்தும் சைக்கிளிலும் போய்க் கடிதம் கொடுக்கும் போஸ்ட்மேன்களையும், ஆபீஸில் உட்கார்ந்து எழுதும் கிளார்க்குகளையும் ஒப்பிட்டார். அங்கேயும் அதே கதை. போஸ்ட்மேன் பிழைத்தார், கிளார்க் மாட்டினார்.

மாரிஸ் அந்த ஆராய்ச்சியைத் தனக்கும் உபயோகப்படுத்திக்கொண்டார் போலிருக்கிறது. 2009-ல் காலமானபோது அவருக்கு வயசு தொண்ணூற்று ஒன்பது!

கிளார்க்குகளின் கஷ்டம் அதற்கும் ரொம்பப் பழசு. இத்தாலியில் ரமஸ்ஸினி என்று ஒரு டாக்டர். தொழிலால் வரும் நோய்களைப் பற்றி 1700-ல் ஒரு புத்தகமே போட்டவர். 1713-ல் அதைப் பெரிதாக்கியபோது எழுத்தர்களையும் சேர்த்தார். அவர்களுக்கு மூன்று எதிரிகள் என்றார்: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே மாதிரி அசைத்துக்கொண்டிருப்பது, கணக்கில் தப்பு வந்துவிடுமோ என்ற மனப் பாரம். முந்நூறு வருஷமாச்சு. மைக்கூடு போய் மௌஸ் வந்ததே தவிர, எதிரிகள் மூணு பேரும் அப்படியே நம் டேபிளுக்கு எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

டவலுக்கு ஒரு வேலை

சரி, என்ன செய்யலாம்? ராஜினாமா செய்து கண்டக்டர் வேலைக்கு மனு போட வேண்டாம். கைவசம் இருப்பதை வைத்தே சமாளிக்கலாம்.

அரசாங்க ஆபீஸில் நாற்காலி முதுகில் ஒரு டர்க்கி டவல் தொங்குமே, எதற்கு? ஆபீஸர் அந்தஸ்து என்பார்கள். அதை எடுத்து இறுக்கச் சுருட்டி, நாற்காலிக்கும் உங்கள் இடுப்புக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில் வையுங்கள். பல ஆயிரம் ரூபாய் நாற்காலி கொடுக்கும் தாங்கல், முப்பது ரூபாய் செலவில்லாமல் கிடைக்கும். பின்னால் தள்ளி முழுசாகச் சாய்ந்து உட்காருங்கள். ஸீட்டின் நுனியில் தொற்றிக்கொண்டு மானிட்டரைப் பார்த்துக் கூன் போடும்போது, வட்டு மேல் விழும் அழுத்தம் நிற்பதைவிட அதிகம்.

பாதம் தரையில் படிய வேண்டும். தொங்கினால் பிரிண்டர் பேப்பர் பண்டில் ஒன்றைக் காலடியில் வையுங்கள். ஐந்நூறு ஷீட், ஐந்து சென்டிமீட்டர் உயரம், அருமையான மணை! முழங்கை மேஜை மட்டத்துக்கு இருக்கட்டும். பின் பாக்கெட்டில் பர்ஸ் வைத்துக்கொண்டு உட்காரும் வழக்கம் இருந்தால் எடுத்து டிராயரில் போடுங்கள். மாசக் கடைசியில் இந்தப் பிரச்னை இருக்காது. முதல் வாரத்துக்குத்தான் சொல்கிறேன்.

இன்னொரு முக்கியமான சமாசாரம்: தண்ணீர் கேன். ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தவுடனே தூக்காதீர்கள். ஒரு சுற்று நடந்து வாருங்கள். இடுப்பை வளைக்காமல் முட்டியை மடக்கி இறங்குங்கள். கேனை நெஞ்சோடு அணைத்துத் தூக்குங்கள். திரும்ப வேண்டுமானால் இடுப்பை முறுக்காமல் காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள். ரெண்டு பேர் சேர்ந்து தூக்கினால் ஆம்பளத்தனம் ஒன்றும் குறைந்துவிடாது பிரதர்!

கழுத்தில் ஓர் அரிசி மூட்டை

நம் தலையின் எடை சுமார் ஐந்து கிலோ. (உள்ளே ஒன்றும் இல்லை என்று வீட்டில் சொன்னாலும் நம்பாதீர்கள்.) நிமிர்ந்து இருக்கும்போது கழுத்து சுமப்பது அவ்வளவுதான். குனியக் குனியப் பாரம் ஏறும். நியூயார்க்கைச் சேர்ந்த முதுகெலும்பு சர்ஜன் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் இதைக் கணக்குப் போட்டார். அறுபது டிகிரி குனிந்து செல்போன் பார்த்தால் கழுத்தில் விழும் பாரம் சுமார் இருபத்தேழு கிலோ. அதாவது, ஓர் அரிசி மூட்டையைக் கழுத்தில் கட்டிக்கொண்டுதான் நீங்கள் பஸ்ஸில் ரீல்ஸ் பார்க்கிறீர்கள்!

போனைக் கண்ணுக்கு நேரே தூக்குங்கள். மானிட்டரின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கோ ஒரு விரல் கீழேயோ, ஒரு கை நீள தூரத்தில் இருக்கட்டும். லேப்டாப் என்றால் அதற்கடியில் ரெண்டு பேப்பர் பண்டில் வைத்து உயர்த்தி, தனிக் கீபோர்டு வாங்கிப் போடுங்கள். மடியில் வைத்து நாள் முழுக்க வேலை செய்ய அது குழந்தையில்லை.

கண்ணுக்கு ஒரு கணக்கு: இருபது, இருபது, இருபது. இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம், இருபது அடி தள்ளி இருக்கும் எதையாவது, இருபது செகண்ட் பாருங்கள். (எதிர் ஸீட் இருபது அடியில் இருந்தாலும், ஜன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்ப்பது எல்லா வகையிலும் க்ஷேமம்.) திரையை முறைத்துப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது. எரிச்சல், மணல் விழுந்த மாதிரி உறுத்தல் எல்லாம் அதனால்தான். ஏ.ஸி. காற்று நேரே முகத்தில் அடித்தால் ஸீட்டைக் கொஞ்சம் திருப்புங்கள்.

ராத்திரி தூக்கத்தில் கை மரத்து, உதறினால் சரியாகிறதா? கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல் மரத்து, சுண்டு விரல் மட்டும் தப்பித்திருக்கிறதா? மணிக்கட்டில் ஒரு குறுகிய சந்து வழியாகப் போகும் நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தம். மணிக்கட்டை மடக்காமல் நேராக வைத்து டைப் அடியுங்கள். விடாமல் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். ஆனால், கை வலியோடு நெஞ்சில் பாரம், வியர்வை, மூச்சு வாங்குதல் எல்லாம் சேர்ந்து வந்தால் அது கீபோர்டு சமாசாரமில்லை. 'கேஸ்' என்று சோடா குடிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பிளக் பாயின்ட் புராணம்

மேஜைக்கு அடியில் ஒரு நிமிஷம் குனிந்து பாருங்கள். (முட்டியை மடக்கி!) சுவரில் ஒரு பிளக். அதில் ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதற்குள் இன்னோர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதில் ஆளாளுக்கு சார்ஜர், டேபிள் ஃபேன், யாரோ ரகசியமாகக் கொண்டுவந்த கெட்டில். பக்கத்திலேயே மூடாத தண்ணீர் பாட்டில். 230 வோல்ட்டுக்கு நம் சீனியாரிட்டி தெரியாது ஸார்!

கெட்டில் மாதிரி சூடாகும் சாமானைச் சுவர்ப் பிளக்கில் நேரே போடுங்கள். பாக்ஸுக்குள் பாக்ஸ் வேண்டாம். பிளக் சுட்டாலோ, பிளாஸ்டிக் தீய்ந்த வாடை வந்தாலோ முதலில் மெயினை அணையுங்கள். கரண்ட் இருக்கும்போது நெருப்பில் தண்ணீர் ஊற்றவே கூடாது. தீ பெருசாகிவிட்டால் லிஃப்ட் பக்கம் போகாமல் படி வழியாக வெளியே வாருங்கள். அந்தப் படிக்கட்டில் பழைய பீரோவும் ஃபைல் மூட்டையும் அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

நிற்க உரிமை உண்டு

2021-ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார ஸீட் போட்டே ஆக வேண்டும் என்பது அது. கேரளா 2018-லேயே செய்திருந்தது. துணிக்கடையில் நாள் முழுக்க நின்றே தீர வேண்டிய பிள்ளைகளின் அவஸ்தையை 2010-ல் வந்த 'அங்காடித் தெரு' படத்தில் பார்த்திருப்பீர்கள். கால் கடுக்க நின்றவர்களுக்கு உட்காரும் உரிமை கிடைத்தது நியாயம்.

நம் கதை நேர்மாறு. ஆபீஸில் எழுந்து நடந்தால், "எங்கேய்யா சும்மா சும்மா போறே?" என்கிறார்கள். நிற்கும் உரிமையை எந்தச் சட்டசபையும் நமக்குக் கொடுக்கப் போவதில்லை. நாமே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து ரெண்டு நிமிஷம் நடந்தால் போதும். அதற்குச் சாக்கா இல்லை? போன் வந்தால் நின்று பேசுங்கள். பக்கத்து செக்‌ஷனுக்கு மெயில் அனுப்பாமல் நேரே போய்க் கேளுங்கள். பெரிய பாட்டிலுக்குப் பதில் சின்ன டம்ளரில் தண்ணீர் குடித்தால், நிரப்ப ஒரு நடை, 'அதற்கு' ஒரு நடை! சாப்பிட்டவுடன் பத்து நிமிஷம் நடங்கள்; சர்க்கரை தடாலென்று ஏறாமல் இருக்கும். 2023-ல் வந்த கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் பத்து கோடிக்கும் மேல். அந்த க்யூவில் நமக்கு இடம் பிடிக்க வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேகமாக நடக்கச் சொல்கிறது. நாள் முழுக்க உட்கார்ந்தே வேலையா? 2016-ல் பத்து லட்சம் பேருக்கு மேல் எடுத்த கணக்கை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். தினம் அறுபது, எழுபத்தைந்து நிமிஷம் நடப்பவர்களுக்கு எட்டு மணி நேர உட்காரலின் ஆபத்து ஏறக்குறைய காணாமலே போயிருந்தது. ஒரு ஸ்டாப்புக்கு முன்னாலேயே பஸ்ஸிலிருந்து இறங்கி ஆரம்பியுங்களேன்.

நண்பர் மூன்று மாதம் கழித்து வேலைக்கு வந்தார். கால் பெரும்பாலும் சரியாகிவிட்டது. கட்டை விரல் மட்டும் இன்னும் முழுசாக மேலே வருவதில்லை. இப்போது அவர் போடுவது பின்னால் வார் வைத்த சாண்டல். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து ஃபைலைத் தானே கொண்டுபோய்க் கொடுக்கிறார். புதுசாக வந்த ஒரு தம்பி, "என்ன ஸார், ஒரு இடத்துல உட்கார மாட்டீங்களா?" என்று கிண்டலாகக் கேட்டான்.

எங்கள் செக்‌ஷனில் யாரும் சிரிக்கவில்லை.

சரி, இதைப் படிக்க எடுத்து எவ்வளவு நேரமாச்சு? இன்னுமா உட்கார்ந்திருக்கிறீர்கள்? எழுந்திருங்கள் ஸார்!